பாண்துண்டு புகட்டிய பாடம்

"கையைக் கழுவிவிட்டுச் சாப்பிடு" என்னுங் கட்டளை ஒலியாத வீடு நம் நாட்டில் இல்லை. தாய் சொல்வாள், பாட்டி சொல்வாள், பாடசாலையில் ஆசிரியர் சொல்வார், சுவரில் ஒட்டிய சுகாதாரப் படமுஞ் சொல்லும். இத்தனை பேர் சொல்லியும், தாயின் பார்வை அப்பாற் சென்றவுடனே பிள்ளையின் கை நேரே சோற்றுக்குச் செல்வது ஏன்? பிள்ளையின் அடங்காமை என்று சொல்லிவிடுதல் எளிது. ஆயினும், பிள்ளையின் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கின்றது. கையில் ஒன்றுமில்லை என்பதை அது தன் கண்ணாற் காண்கின்றது. ஏதோ உண்டு என்பதைப் பிறர் வாயாற் கேட்கின்றது. கண்ணும் காதும் முரணுமிடத்துக் கண்ணை நம்புதலே மனித இயல்பு.

அளவை நூலார் அறிவு பிறக்கும் வாயில்களைப் பலவாக விரித்தாராயினும், அவற்றைக் காட்சி, கருதல், உரை என்னும் மூன்றனுள் அடக்குவர். கண் முதலிய பொறிகளால் நேரே அறிவது காட்சி; கண்டதைக்கொண்டு காணாததைத் துணிவது கருதல்; நம்பத்தக்கார் சொல்லால் அறிவது உரை. கைகழுவும் பொருளில் நாம் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளுக்கு உரை ஒன்றையே வழங்கி வந்திருக்கிறோம். காட்சியை வழங்க நுணுக்குக்காட்டி வேண்டும். எங்கள் ஆரம்பப் பிரிவில் அஃது இல்லை. எஞ்சி நிற்பது கருதல். தருக்கம் கற்க வந்த வளர்ந்த மாணவரும் இடர்ப்படும் அந்த வாயிலில் ஒன்பது வயதுப் பிள்ளையைப் புகுத்த முடியுமா? முடியும் என்பதை ஒரு பாண்துண்டு காட்டியது. அதனை எடுத்துரைத்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

2019 ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் ஐடாகோ மாநிலத்துத் தொடக்கப் பள்ளி ஒன்றிற் செய்யப்பட்ட ஒரு சோதனையின் படங்கள் உலகெங்கும் பரவின. பாண்துண்டுகள் ஐந்தை எடுத்து, ஒன்றை யாருந் தொடாமலும், ஒன்றை அழுக்குக் கையாலும், ஒன்றைச் சவர்க்காரமிட்டுக் கழுவிய கையாலும், ஒன்றைக் கிருமிநீக்கித் திரவம் பூசிய கையாலும் தொட்டு, ஒன்றை வகுப்பிலிருந்த மடிக்கணினிகளின்மேல் தேய்த்து, வெவ்வேறு பைகளில் அடைத்து வைத்தனர். சில வாரங்களில், தொடாத துண்டும் சவர்க்காரக் கைத் துண்டும் பெரிதுங் கெடாதிருக்க, மடிக்கணினித் துண்டு யாவற்றினும் மோசமாகப் பூஞ்சணம் பொங்கி நின்றது.

எங்கள் பாடசாலையில் நான்காந் தரத்துக்குச் சுற்றாடல்சார் செயற்பாடுகள் கற்பிக்கும் ஆசிரியை, கல்வியியற் கல்லூரியிற் பயிற்சி முடித்து வந்த இளையவர். அவர் இப்படங்களைக் கண்டு தம் வகுப்பிலும் அதனைச் செய்ய முற்பட்டார். மேல்வகுப்புக்கு நான் இலக்கணங் கற்பிக்கும் இடத்துக்கும் அவருடைய வகுப்புக்கும் நடுவே இருப்பது தோளளவான பலகைத் தட்டி ஒன்றே. ஆகவே, அவருடைய பாடம் எனக்கும் பாடமாயிற்று.

ஒரே பாணிலிருந்து ஐந்து துண்டுகள். முதலாவதை எவருந் தொடவில்லை. கொதிநீரிற் போட்டெடுத்த இடுக்கியாற் பிடித்துப் பையில் இட்டார். இரண்டாவது, விளையாடி வந்த கை தொட்டது. மூன்றாவது, வெறும் நீரிற் கழுவிய கை தொட்டது. நான்காவது, சவர்க்காரமிட்டுக் கழுவிய கை தொட்டது. ஐந்தாவதை வகுப்பு வாங்கின்மேல் தேய்த்தார்கள். ஒவ்வொன்றிலும் சிறிது நீர் தெளித்து, ஒளிபுகும் பைகளில் இட்டு, வாயை இறுக ஒட்டி, இலக்கமிட்டு, வெயில் படாத ஒரு தட்டில் வைத்தார்கள். பையை எக்காரணங் கொண்டுந் திறத்தலாகாது என்பது முதல் விதி. நாள்தோறும் பார்த்து, கண்டதை மாத்திரம் கொப்பியில் எழுதவேண்டும் என்பது இரண்டாவது விதி.

"ஒருவரும் தொடாத பாண் எதுக்கு ரீச்சர்?" என்று ஒரு சிறுமி கேட்டாள். கேட்டவுடன் நான் என் வகுப்பைச் சிறிது நிறுத்திவிட்டுச் செவிகொடுத்தேன். ஏனெனில், பிராசீன பாடசாலையில் தருக்கம் பயின்ற காலத்தில் எங்களுக்கு விளங்க நெடுநாட் சென்ற இடம் அதுவே. மலையிற் புகையைக் கண்டு அங்கே நெருப்புண்டு எனத் துணிவோன், புகையும் நெருப்பும் ஒருங்கிருக்கும் அடுக்களையைச் சபக்கம் என எடுத்துக்காட்டினால் மாத்திரம் போதாது. நெருப்பில்லாதவிடத்துப் புகையும் இல்லை என்பதற்கு நீர்நிலையை விபக்கமாகக் காட்டுதலும் வேண்டும். அப்பொழுதே கருதல் வலியுறும். தொடாத பாண்துண்டு அந்த நீர்நிலையே. விஞ்ஞானிகள் அதனைக் கட்டுப்பாடு என்பர். ஆசிரியை இவ்வளவும் சொல்லவில்லை. "தொடாததும் இதே மாதிரிக் கெட்டால், கையிற் குற்றஞ் சொல்லலாமோ பிள்ளை?" என்று மாத்திரங் கேட்டார். சிறுமி சற்று நினைத்து, "சொல்லேலாது" என்றாள். விபக்கம் விளங்கிவிட்டது.

எங்கள் நாட்டு வெப்பத்திலும் ஈரத்திலும் பூஞ்சணம் வாரக்கணக்கிற் காத்திராது. நான்காம் நாளிலேயே இரண்டாம் இலக்கத் துண்டிற் சாம்பற்பச்சைப் புள்ளிகள் தோன்றின. மறுநாள் ஐந்தாவதிலும், அதன்மேல் மூன்றாவதிலும் தோன்றின. காற்றிலும் பூஞ்சண வித்திகள் மிதத்தலால் தொடாத துண்டும் என்றென்றைக்கும் தூயதாய் இராது. எது முந்தியது, எது பிந்தியது என்பதே பார்க்கவேண்டுவது.

இவ்விடத்திலேதான் எதிர்பாராத தொன்று நேர்ந்தது. இரண்டாந் துண்டைத் தொட்டவன், விடியலில் தந்தையோடு தோட்டத்தில் நின்று நீரிறைத்துவிட்டுப் பாடசாலைக்கு வரும் ஒரு சிறுவன். புள்ளிகள் தோன்றிய அன்று வகுப்பில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. "ஊத்தைக் கை" என்ற சொல் தட்டிக்கு இப்பாலும் கேட்டது. சிறுவன் தன் இரு கைகளையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். இடைவேளையிலும் அவன் வாங்கைவிட்டு எழவில்லை.

ஆசிரியை அன்று அதட்டவில்லை, அறிவுரை சொல்லவுமில்லை. மறுநாட் காலை இன்னொரு பாண் வாங்கி வந்தார். இம்முறை தாமே முதலில் தொட்டார். பின்னர், மடிப்புக் குலையாத வெள்ளைச் சீருடையோடு நாள்தோறும் வரும் பிள்ளைகள் மூவர் தொட்டனர், அச்சிறுவனுந் தொட்டான். அப்பால் ஒரு துண்டை இடுக்கியிற் பிடித்தபடி தட்டியருகே வந்து, "ஐயா, நீங்களும் ஒருக்காற் தொடுங்கோ" என்றார். வெள்ளை வேட்டியும் திருநீறுமாக நின்ற நானும் தொட்டேன். பைகளில் இலக்கம் மாத்திரம் இடப்பட்டது. எந்த இலக்கம் எவருடையது என்பது ஒரு தாளில் எழுதி மடித்து வைக்கப்பட்டது.

ஐந்து நாட்களில் எல்லாத் துண்டுகளிலும் புள்ளி கண்டது. ஆறாம் இலக்கம் மற்றையவற்றையெல்லாம் வென்று, கறுப்பும் பச்சையும் மஞ்சளுமாகக் கோலங்காட்டியது. தாளை விரித்தபோது அஃது என்னுடையது என்பது வெளிப்பட்டது. "பண்டிதர் ஐயாவின்ர கையோ!" என்று முதலிற் சிரித்தவன் அந்தச் சிறுவனே. என் சைக்கிட் பிடியும், வெண்கட்டியும், பழம்புத்தகத் தூசியும் அந்தச் சிரிப்புக்குத் தந்த பங்களிப்பை எண்ணி நானும் சிரித்தேன். அதற்குப் பின் "ஊத்தைக் கை" என்னுஞ் சொல்லை அவ்வகுப்பிலிருந்து நான் கேட்டதில்லை.

இதனை ஒரு வேடிக்கையாக மாத்திரங் கருதலாகாது. நோயணுவைப் பற்றிய பாடம், கவனமின்றிக் கற்பிக்கப்படுமாயின், ஏழைப் பிள்ளையின் நெற்றியிற் குறியிடும் கருவியாகிவிடும். நம் சமூகத்தில் இன்னாருடைய கை தூயது, இன்னாருடைய கை தூயதன்று என்று பிறப்பையும் தொழிலையும் கொண்டு வகுத்த பழங்கணக்கு முற்றாகத் தீர்ந்துவிடவில்லை. நுண்ணுயிருக்கு அந்தக் கணக்குத் தெரியாது.

வியன்னா நகரத்துச் சரித்திரமொன்று இதற்குச் சான்று. அந்நகரப் பொதுமருத்துவமனையில் 1840 களில் மகப்பேற்று விடுதிகள் இரண்டு இருந்தன. ஒன்றில் மருத்துவ மாணவர் பயின்றனர். மற்றதில் மருத்துவிச்சியர் பயின்றனர். மாணவர் விடுதியில், பிள்ளை பெற்ற தாய்மார் காய்ச்சல் கண்டு இறப்பது மற்றதிலும் மிகுதியாக இருந்தது. செமல்வைஸ் என்னும் மருத்துவர் இரண்டையும் ஒப்பிட்டு நோக்கினார். மாணவர் பிணவறையிற் பிரேதங்களை அறுத்துவிட்டு நேரே தாய்மாரிடம் வந்தனர். மருத்துவிச்சியர் பிணவறைக்குச் செல்வதில்லை. மருத்துவிச்சியர் விடுதியே அவருக்கு விபக்கமாயிற்று. 1847 மே மாதத்தில், குளோரின் கலந்த நீரிற் கைகழுவியே விடுதிக்குட் புகவேண்டும் என விதித்தார். ஏப்பிரில் மாதத்தில் நூற்றுக்குப் பதினெட்டாயிருந்த இறப்பு, யூன் மாதத்தில் நூற்றுக்கு இரண்டளவாக இறங்கியது.

இத்துணைத் தெளிவான கருதலை அக்கால மருத்துவர் பலர் ஏற்கவில்லை. பற்றீரியாவே நோய்க்குக் காரணம் என்பது அன்று நிறுவப்படவில்லை. அவரும் பிணத்திலிருந்து ஒட்டும் ஏதோவொரு துகள் என்றே சொன்னார். அன்றியும், உயிர்காக்கும் தம் கையே தாய்மாரைக் கொன்றது என்பதை ஏற்க அவர்கள் மனம் இசையவில்லை. செமல்வைஸ் 1865 இல் மனநோயாளர் காப்பகமொன்றில் இறந்தார். மெத்தப் படித்தவர் ஏற்க மறுத்ததை நான்காந் தரப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே ஏற்றனர். தம் கையிலும் உண்டு என்பதைக் கண்ணெதிரே காண அவர்களுக்கு ஒரு பாண்துண்டு வாய்த்தது.

நிற்க. பாணிற் படர்ந்து நாம் கண்ட பூஞ்சணம் பற்றீரியா அன்று. அது பங்கசு என்னும் வேறோர் இனம். பாணைக் காட்டிப் பற்றீரியா என்று கற்பித்துவிடுதல் பிழை. ஆசிரியை இதனை நன்கு அறிந்திருந்தார். அடுத்த வாரம் அவித்த உருளைக்கிழங்கைக் கொதிநீரிலிட்ட கத்தியால் வெட்டி, முன்போலவே சிலவற்றைத் தொட்டும் ஒன்றைத் தொடாமலும் கண்ணாடிப் போத்தல்களில் மூடிவைத்தார். இரண்டொரு நாளில், தொட்ட துண்டுகளின்மேல் வெள்ளையும் மஞ்சளுமாகச் சிறுசிறு பளபளப்பான துளிகள் தோன்றின. அவையே பற்றீரியாக் குடியிருப்புக்கள். செருமானிய மருத்துவர் றொபேட் கொக் என்பவரும் தொடக்கத்தில் இவ்வாறே உருளைக்கிழங்குத் துண்டிற் பற்றீரியாவை வளர்த்தார். 1882 இற் காசநோய்க்குக் காரணமான பற்றீரியாவை உலகுக்கு அறிவித்தவர் அவரே.

உருளைக்கிழங்கில் எல்லாப் பற்றீரியாவும் வளர்வதில்லை. செலற்றீன் என்னும் பசையோ வெப்பத்தில் உருகிவிடும். இவ்விடரைத் தீர்த்தவர் ஒரு குடும்பப் பெண். கொக்கின் ஆய்வுகூடத்திற் பணிபுரிந்த ஹெசே என்பவரின் மனைவி பானி ஹெசே, வீட்டில் இனிப்புப் பண்டங்கள் உறையவைக்கத் தாம் பயன்படுத்திய அகார் என்னுங் கடற்பாசிப் பசையைக் கணவருக்குக் கூறினார். சாவகத் தீவில் வாழ்ந்து வந்த அயலவரிடமிருந்து அவர் அதனை அறிந்திருந்தார். 1881 அளவில் ஆய்வுகூடத்துட் புகுந்த அந்தப் பசை இன்றுவரை அங்கு நிலைபெற்றிருக்கின்றது. அத்தகைய பசை தரும் பாசியொன்று நம் கடலிலும் உண்டு. தமிழ்க் கரையோரத்தார் கஞ்சிப்பாசி என்பர். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில மருந்து நூல்களில் அது இலங்கைப் பாசி எனவும் யாழ்ப்பாணப் பாசி எனவும் பெயர் பெற்றது.

துளி ஒன்றில் எத்தனை பற்றீரியா இருக்கும் என்று பிள்ளைகள் கேட்டனர். அது கணக்குப் பாடமாயிற்று. சாதாரண பற்றீரியா ஒன்று ஒரு மில்லிமீற்றரில் ஆயிரத்திலொரு பங்கு அகலமுடையது. ஏற்ற உணவும் வெப்பமும் வாய்த்தால், சில இனங்கள் இருபது நிமிடத்துக்கொருமுறை இரண்டாகப் பிளக்கும். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, ஏழு மணித்தியாலத்தில் இருபது இலட்சத்துக்கு மேலாகும். கரும்பலகையிற் பெருக்கிக்கொண்டே சென்ற பிள்ளைகள் இடம்போதாது நிறுத்தினர். பையையும் போத்தலையும் ஏன் திறக்கலாகாது என்பதும் அப்பொழுது விளங்கிற்று. கையில் ஒன்றிரண்டாயிருந்து தீங்கு செய்யாதது, கோடியாகப் பெருகியபின் தீங்கு செய்யக்கூடும். சோதனை முடிந்ததும் ஆசிரியை தாமே அவற்றின்மேல் வெளிற்றும் திரவம் ஊற்றி ஒரு நாள் வைத்துப் பின்னர் அப்புறப்படுத்தினார். வீட்டிற் செய்ய விரும்பும் பெற்றோர் இதனை மறத்தலாகாது.

இத்தோடு நின்றிருந்தால் பிள்ளைகள் அச்சம் ஒன்றையே கற்றிருப்பர். கிருமி என்னும் வடசொல்லுக்குப் புழு என்பதே பழம்பொருள். அச்சொல்லைக் கேட்டவுடன் அருவருப்புத் தோன்றுகிறது. ஆதலின் ஆசிரியை நுண்ணுயிர் என்னுஞ் சொல்லையே கையாண்டு, அடுத்துத் தயிர்ப் பாடத்தைத் தொடங்கினார். காய்ச்சிய பாலை மூன்று கிண்ணங்களில் வார்த்தார். இளஞ்சூட்டுப் பாலுள்ள ஒன்றில் ஒரு கரண்டி உறைமோர் விட்டார். ஒன்றில் ஒன்றும் விடவில்லை. ஒன்றில் கொதிக்கக் கொதிக்க இருக்கும்போதே விட்டார். மறுநாட் காலையில் முதலாவது மாத்திரம் கட்டித் தயிராயிருந்தது. சூட்டில் உறைமோரின் பற்றீரியா இறந்துபட்டன என்பதைப் பிள்ளைகளே சொல்லிவிட்டனர்.

புறநானூற்றில் மதுரைப் பூதன் இளநாகனார் பாட்டொன்று உண்டு. முதியவளொருத்தியின் காதன் மகன் ஒருவனாகவே நின்று பகைவர் படை முழுவதையும் நிலைகுலைத்ததற்கு, ஆய்மகள் நகத்தால் தெறித்த சிற்றுறை குடம் நிறைந்த பாலைத் திரித்துவிடுதலை அவர் உவமை கூறினார். துளியளவு உறை குடத்தளவு பாலை மாற்றும் என்பதைக் கண்ட தமிழர், அதனுள் நின்று மாற்றுவது யாதெனக் காணவில்லை. 1857 இற் பாஸ்ரர் என்னும் பிரெஞ்சு அறிஞரே, பால் புளிப்பது நுண்ணுயிரின் தொழில் என்பதை எடுத்துரைத்தார். இவ்வுவமையை நான் முப்பது வருடமாகக் கற்பித்து வந்திருக்கிறேன். அந்த வாரம் என் மேல்வகுப்பு மாணவர் தட்டிக்கு அப்பாலிருந்த கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே அதனைக் கற்றனர்.

நம்முடலே ஒரு பெருங் குடியிருப்பு. மனிதவுடலில் ஏறத்தாழ 30 இலட்சம் கோடி உயிரணுக்களும், அவற்றோடு ஒப்பவே ஏறத்தாழ 38 இலட்சம் கோடி பற்றீரியாவும் உள என்பது 2016 இல் வெளியான மதிப்பீடு. பெரும்பாலன நமக்குத் தீங்கு செய்யாதன. சில உணவு செரிக்கத் துணைபுரிவன. ஆதலாற் கைகழுவுதல் நுண்ணுயிரினத்தின்மேற் போர் தொடுப்பதன்று. சாணத்திலும் மலத்திலும் இருந்து வந்து கையில் ஏறியவை வாய்க்குட் புகாமற் காக்கும் வேலி.

இனி, பலருங் கவனியாது விடக்கூடிய ஒன்றைச் சொல்லவேண்டும். சோதனைகளுள் ஒன்றில், சவர்க்காரமிட்டுக் கழுவிய கையின் துண்டு, வெறும் நீரிற் கழுவிய கையின் துண்டிலும் முந்திக் கெட்டது. "அதை எறிந்துவிட்டு வேறொன்றை வையுங்கோ, பிள்ளைகள் குழம்பிப் போவார்கள்" என்று சக ஆசிரியர் ஒருவர் நல்லெண்ணத்தோடு சொன்னார். ஆசிரியை எறியவில்லை. அதனைப் பிள்ளைகள் முன்னே வைத்து, "ஏன் இப்படி?" என்று கேட்டார். சற்று நேரம் ஒருவரும் பேசவில்லை. பின்பு, தொட்ட சிறுமியே எழுந்து, "சவர்க்காரம் போட்டுத்தான் கழுவினனான் ரீச்சர்; பிறகு கரும்பலகைத் துணியிலை துடைச்சனான்" என்றாள். மறுநாள் அதற்கெனவே ஒரு சோதனை நடந்தது. கழுவிக் காற்றில் உலர்த்திய கையும், கழுவித் துணியிற் துடைத்த கையும் ஒப்பிடப்பட்டன. துணியே குற்றவாளி என்பது துணியப்பட்டது. ஒவ்வாத முடிவை மறைத்திருந்தால் அத்துணி இன்றும் அங்கே தொங்கும். அன்றியும், விடை முன்னரே எழுதப்பட்டுவிட்டது, சோதனை அதற்கு அலங்காரம் என்னும் எண்ணம் பிள்ளைகளின் உள்ளத்தில் நிலைத்திருக்கும்.

சோதனையின் பயன் கொப்பியோடு முடியவில்லை. எங்கள் குழாயடியிற் சவர்க்காரம் இல்லை. கழுவச் சொல்லும் பாடசாலையில் கழுவுதற்கு வேண்டுவது இல்லையே என்பதைப் பிள்ளைகள் தாமே கண்டனர். அதிபருக்கு ஒரு விண்ணப்பம் எழுத வேண்டும் என்று தட்டியருகே வந்து என்னிடம் உதவி கேட்டனர். சந்திப்பிழைகளை மாத்திரம் திருத்திக் கொடுத்தேன்; நியாயங்களைத் திருத்த வேண்டியிருக்கவில்லை. எந்தத் துண்டு எத்தனையாம் நாளிற் கெட்டது என்னும் அட்டவணையைக் கீழே வரைந்திருந்தனர். அதிபர் அதனை இருமுறை படித்தார். அந்த வாரமே குழாயடியிற் சவர்க்காரமும், அது மண்ணில் விழாதிருக்க ஒரு சிரட்டையும் வைக்கப்பட்டன.

ஒரு பாண், சில பைகள், ஓர் இடுக்கி: செலவு இவ்வளவே. பொறுமையும் நேர்மையும் வேறு. அவற்றை எந்தத் திணைக்களமும் அனுப்பித் தராது. ஆசிரியரே கொண்டுவரல் வேண்டும். காணாத ஒன்றைக் கண்டவற்றால் துணியவும், தனக்கொவ்வாத சான்றை எறியாது நோக்கவும், குற்றத்தைப் பிறன் கையிற் சுமத்துமுன் தன் கையைப் பார்க்கவும் ஒன்பது வயதிற் பழகிய பிள்ளை, பின்னாளில் எத்துறைக்குச் சென்றாலும் எளிதில் ஏமாறாது. எவரையும் எளிதில் இகழவும் மாட்டாது. ஆசிரியர்களும் பெற்றோர்களும் இதனைச் சிந்திப்பார்களாக.